யாருடைய அளவில் ஒரு டம்மி?

'டம்மி' என்ற சொல் நம் ஊரில் வசவாகத்தான் புழங்குகிறது. வேலைக்கு ஆகாதவர் டம்மி பீஸ். கணவர் முடிவெடுக்க, கையெழுத்து மட்டும் போடும் ஊராட்சித் தலைவி டம்மி தலைவர். கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் உதவட்டும் என்று கூடவே மனுத் தாக்கல் செய்து, பிறகு சத்தமில்லாமல் வாபஸ் வாங்குகிற மாற்று வேட்பாளரும் டம்மிதான். ஜவுளிக்கடை வாசலில் பட்டுச்சேலையோடு நிற்கும் பொம்மை, கைக்குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர் காம்பு, பிரிட்ஜ் ஆட்டத்தில் தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டுக் கூட்டாளியை ஆடவிடுகிறவர் என்று ஆங்கிலத்தில் அதன் எல்லை இன்னும் விரிகிறது.

இன்னொருவர் இடத்தில் நிற்பதை இவ்வளவு இளக்காரமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. காரில் ஏறி பெல்ட் போட்டு உட்காரும்போது நம் உயிர் இருப்பதே, மோதல் சோதனைகளில் நமக்குப் பதிலாக அடி வாங்கும் சில டம்மிகளின் தயவில்தான்.

அவை வருவதற்கு முன்னால் அந்த அடியை வாங்கியது மனித உடம்புதான். அமெரிக்க விமானப்படையின் ஜான் ஸ்டாப் 1954 டிசம்பரில் ராக்கெட் பூட்டிய வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு, மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்று காட்டினார். கண்களில் ரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வையே தெரியவில்லை. டெட்ராய்ட்டில் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் பேட்ரிக், ஊசலாடும் இரும்புக் குண்டைத் தன் நெஞ்சில் மோதவிட்டு அளவெடுத்தார். தானமாக வந்த பிணங்களும் அங்கே மோதல்களைத் தாங்கின. விலா எலும்பு எவ்வளவு அழுந்தினால் முறியும் என்பது அப்படித் தெரிந்ததுதான். அந்த அறிவையெல்லாம் இரும்பிலும் ரப்பரிலும் வார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் 1976-இல் உருவாக்கியது 'ஹைப்ரிட் த்ரீ'. முன்பக்க மோதல் சோதனைகளில் உலகெங்கும் பல ஆண்டுகள் கோலோச்சிய டம்மி அதுதான்.

அதன் உயரம் 175 சென்டிமீட்டர், எடை சுமார் 78 கிலோ. அதாவது, அன்றைய சராசரி அமெரிக்க ஆண்.

என்னை உறுத்துவது இந்த அளவுதான். பெல்ட் எங்கே அழுத்த வேண்டும், காற்றுப்பை எந்த வேகத்தில் விரிய வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆணின் உடம்பு வாங்கிய அடியைப் பார்த்துத் திருத்தப்பட்டவை. பெண் டம்மி இல்லாமல் இல்லை. ஆனால் வெகுகாலம் பெண் என்று உட்கார வைக்கப்பட்டது, ஆண் டம்மியையே சுருக்கிச் செய்த, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் 49 கிலோ எடையும் உள்ள உருவம். பெண்ணின் இடுப்பெலும்பின் வடிவம் வேறு, கழுத்துத் தசையின் பலம் வேறு. ஸ்டியரிங்கை ஒட்டி உட்காரும் தூரமும் வேறு. அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து 2011-இல் வந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஒரே மாதிரியான மோதலில் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநருக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்றது. சராசரிப் பெண்ணின் அளவில், 162 சென்டிமீட்டரும் 62 கிலோவுமாக ஒரு டம்மியை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு உலகுக்குக் காட்டியபோது 2022 பிறந்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டு நம் நாட்டில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையிலும், முன்பக்க மோதலில் இரண்டு முன் இருக்கைகளிலும் ஆண் உருவத்தைத்தான் உட்கார வைத்தார்கள்.

யாரும் வன்மத்தோடு செய்த காரியம் இல்லை இது. 'ஒரு மனிதர்' என்று நினைத்தவுடன் வடிவமைப்பாளர்கள் கண்முன் வந்து நின்றது தங்களைப் போன்ற ஓர் உருவம். அதற்குத்தான் டம்மி கிடைத்தது, பாதுகாப்பும் கிடைத்தது.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மையின் கதை இன்னும் விசித்திரம். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960-இல் அதை உருவாக்கினார். பெயர் ஆன். பாரிஸில் சேன் நதியிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகவார்ப்பைப் பார்த்து அதற்கு முகம் அமைத்தார். ஆண் முகத்தில் வாய் வைத்து மூச்சூதப் பயிற்சி பெறும் ஆண்கள் தயங்குவார்கள் என்று நினைத்தாராம். முகம் பெண்ணுடையது. நெஞ்சு மட்டும் தட்டை.

எங்கள் குடியிருப்பில் நடந்த முதலுதவிப் பயிற்சியிலும் அப்படி ஒரு தட்டை நெஞ்சுப் பொம்மைதான் பாயில் கிடந்தது. சரியான ஆழத்துக்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தினால் உள்ளிருந்து 'டிக்' என்று சத்தம் வரும். வரிசையில் நின்ற ஓர் இளைஞர் கேட்டார்: "சிஸ்டர், பொம்பளைங்களா இருந்தா எப்படிக் கை வைக்கறது? சுத்தி நிக்கறவங்க தப்பா நினைப்பாங்களே?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க தம்பி. நாலஞ்சு நிமிஷம் தாண்டினா மூளை தாங்காது" என்ற செவிலியர் அதோடு விடவில்லை. இரண்டு கைத்துண்டுகளை மடித்துப் பொம்மையின் நெஞ்சில் வைத்தார். யாரிடமோ ஒரு பழைய சேலையை வாங்கி மேலே சுற்றினார். "அழுத்தற இடம் அதேதான், நடு நெஞ்செலும்பு. வாங்க." இளைஞரின் கை அந்தரத்தில் சற்று நின்றது. பிறகு இறங்கியது. மூன்றாவது அழுத்தலில்தான் 'டிக்' கேட்டது.

அந்தத் தயக்கம் அவர் ஒருவருடையது அல்ல. பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்திருக்கிறார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் என்று 2017-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. தயக்கத்துக்குக் கூச்சம், பயம் என்று பல காரணம் உண்டு. ஆனால் கை ஒருமுறையாவது பழகியிருந்தால் அந்தச் சில நொடிகள் வீணாகாது என்றே நம்புகிறேன்.

பெண் உடலமைப்புள்ள பயிற்சிப் பொம்மைகள் இப்போது விற்பனைக்கு இருக்கின்றன. இருக்கிற பொம்மைக்கு மேலே மாட்டும் உறையும் கிடைக்கிறது. பள்ளியிலோ அலுவலகத்திலோ குடியிருப்பிலோ முதலுதவிப் பயிற்சி ஏற்பாடு செய்பவர்கள் அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காத இடத்தில் இரண்டு துண்டும் ஒரு சேலையும் போதும்.