திலகவதியார் வளர்த்த பிள்ளை

பிள்ளை வழி தவறினால் பெற்றார் ஆசிரியரைச் சொல்வர். ஆசிரியர் ரியூசனையும் கைத்தொலைபேசியையும் சொல்வர். ஊரோ பெற்றாரைச் சொல்லும். கந்தோரில் ஒருவரும் ஒப்பமிடாமல் மேசைக்கு மேசை மாறும் கோவையின் நிலைதான் இது. ஆனால் பிள்ளை கோவையைப் போலக் காத்துக் கிடப்பதில்லை, வளர்ந்துவிடும்.

வன்னி மண்ணில் இக்கேள்வி இன்னும் கடினமானது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற பிள்ளைகள் பலர். கிளிநொச்சி ஜெயந்திநகர் மகாதேவா ஆச்சிரமம் போன்ற இல்லங்கள் சிலரை ஏற்றன. ஏனையோரை அம்மம்மாவும் சித்தியும், தானே பிள்ளையாயிருந்த தமக்கையும் வளர்த்தெடுத்தனர். “தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும்” என்று இலகுவாகச் சொல்வோர் சேக்கிழார் பெருமான் காட்டிய ஒரு வீட்டைச் சிந்தித்தல் வேண்டும்.

திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து இறந்தனர். மகள் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போருக்குச் சென்று திரும்பவில்லை. உயிர் துறக்க எண்ணிய அம்மையார், தம்பி மருணீக்கியார் அழுது தடுக்கவே அவனுக்காக உயிர் தாங்கினார். போரில் எல்லாம் இழந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை தம்பியை வளர்த்த கதை இது. வன்னியில் இதற்கு உரை வேண்டியதில்லை.

அத்தனை அன்பாய் வளர்த்தும் தம்பி சமணம் சேர்ந்தார். அம்மையார் பின்னால் ஓடவில்லை, தூற்றவுமில்லை. திருவதிகை சென்று, விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டி, மெழுகி, மாலை தொடுத்து, தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டார். சூலை நோய் வருத்த, தம்பி இரவோடிரவாகத் தமக்கையின் காலில் வந்து விழுந்தார். திருநீறு கொடுத்தார்; விடியலில் திருவலகு கையிலெடுத்துத் தம்பியையும் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

நாவுக்கரசர் என்று பெயர் பெற்ற பின்னும் அப்பர் சுவாமிகள் கையை விட்டகலாதது உழவாரம். கோயில் முற்றத்துப் புல் செதுக்கும் அந்தப் பழக்கம் எந்தக் கையிலிருந்த திருவலகைப் பார்த்து வந்தது என்று விளக்க வேண்டுமா?

2023இல் யாழ்ப்பாண மாவட்டத்தில், அறநெறிக் கல்விக்கு இடம்விட்டுக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ரியூசனை நிறுத்த முடிவெடுக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அறநெறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளை அங்கு எதைக் காண்கிறது? உபயகாரர் பட்டியலில் யார் பெயர் முந்துவது என்று பரிபாலன சபைக் கூட்டத்தில் எழும் சத்தம், பக்கத்து மண்டபத்தில் தேவாரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கிறது. திலகவதியார் சரிதம் புராணபடனத்தில் வாசிக்கப்படும் நாளிலும் மண்டபத்தைக் கூட்டுவது கூலிக்கு வந்தவரே.

அறநெறி வகுப்பு ஞாயிறு காலை எட்டு மணிக்கு. அரை மணி முன்னதாகச் சபையாருள் நால்வர் வரலாம். விளக்குமாறு களஞ்சிய அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.