உடையவன் இல்லாத புதையல்

'விளையாட்டுக்குத்தானே!' என்பது நமக்கெல்லாம் மிகவும் சௌகரியமான ஒரு சொல். ஒருவர் மனத்தைப் புண்படுத்திவிட்டு, 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று நழுவிவிடலாம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கேட்டால் 'விளையாட்டுக்கு எடுத்தேன்' என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். கேட்காவிட்டால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதே தமிழில்தான் 'விளையாட்டு வினையாகும்' என்ற பழமொழியும் இருக்கிறது. விளையாட்டில் குற்றமே கிடையாதா? அல்லது வினைக்கு வித்தே விளையாட்டில்தான் கிடக்கிறதா?

புதுக்கோட்டையில் நண்பர் ஒருவரின் பேரனுக்கு எட்டாவது பிறந்த நாள். போயிருந்தேன். இந்தக் காலத்துப் பிறந்த நாளுக்குப் பாயசமும் புதுச் சட்டையும் போதுவதில்லை. ஏதாவது ஒரு வேஷமும் வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் தேர்ந்தெடுத்தது கடற்கொள்ளைக்காரன் வேஷம். வந்திருந்த பன்னிரண்டு குழந்தைகளுக்கும் ஒற்றைக் கண்ணை மறைக்கக் கறுப்புத் துணி. தலையில் காகிதத் தொப்பி. தொப்பியில் ஒரு மண்டை ஓடும், குறுக்கே இரண்டு எலும்பும். கையில் அட்டைக் கத்தி. முற்றத்தில் நீலப் புடவையை விரித்து, அதன் குறுக்கே இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை. கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பலகைமேல் நடக்க வேண்டும். தவறி விழுந்தால் சுறாமீனுக்கு இரை. பிறகு ரப்பர்ப் பந்துகளை வாளிக்குள் எறியும் 'பீரங்கிச் சண்டை'. கடைசியாகப் புதையல் வேட்டை. துளசி மாடத்தில் ஒரு சீட்டு, துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு சீட்டு என்று தேடிப் போனால், கொல்லைப்புறத்தில் வைக்கோலுக்குள் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. அது நிறையத் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகள்!

குழந்தைகள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது, ஐந்து வயது இருக்கும், ஒரு சிறுமி அந்த வீட்டு அம்மாளின் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"அத்தை, இந்தப் பெட்டி யாரோடது?"

"புதையல்டி கண்ணு. அது யாரோடதும் இல்லை. கண்டுபிடிச்சவங்களுக்குத்தான்."

"யாரு வச்சா?"

"கொள்ளைக்காரங்க வச்சாங்க."

"அவங்களுக்கு யாரு கொடுத்தா?"

அத்தை சிரித்துவிட்டுக் கேக் வெட்டக் கத்தியைத் தேடிப் போய்விட்டாள்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "பார்த்தீரா? பிஞ்சு மனத்திலேயே கொள்ளையடிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். நாளைக்கு இதெல்லாம் எங்கே போய் முடியும்?" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் உண்மையானதுதான். ஆனால் அவர் கட்சியில் என்னால் சேர முடியவில்லை.

திருடனாக நடிக்கிற குழந்தை திருடனாகிவிடும் என்றால், தமிழ்நாட்டில் யோக்கியன் ஒருவனும் மிஞ்சியிருக்க மாட்டான். திருடன் போலீஸ் விளையாடாத தெரு நம் நாட்டில் எது? மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிப் போட்டு விளையாடாதவர் யார்? ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலியாக இருந்தவன் ஆட்டை வெட்டி வெட்டி எடுத்தான் என்பதற்காக அவன் கொலைகாரனாகிவிட்டதாக யாரும் சொன்னதில்லை. பாசாங்கு எது, நிஜம் எது என்ற பேதம் குழந்தைக்குத் தெரியும். சில சமயங்களில் நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்தப் பழைய விளையாட்டுகளில் ஒரு நியாயம் இருந்தது. அதை யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஆட்டத்தோடு ஆட்டமாக அது வந்து சேர்ந்தது. இந்த ஆட்டத்தில் புலியாக இருந்தவன் அடுத்த ஆட்டத்தில் ஆட்டுக்காரன். இப்போது ராஜா சீட்டு எடுத்தவன் கைக்கு அடுத்த தடவை திருடன் சீட்டு வரும். பூஜ்யம் வாங்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டும். துரத்துகிறவனின் வேகத்தையும் ஓடுகிறவனின் பயத்தையும் ஒரே குழந்தை ஒரே மாலையில் அனுபவித்துவிடும். பறிப்பவன் இருந்தால் பறிகொடுப்பவனும் ஒருவன் இருக்கிறான் என்பதை அந்த விளையாட்டு ஒரு நாளும் மறந்ததில்லை.

அன்று அந்த முற்றத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் கொள்ளைக்காரர்கள். வியாபாரி ஒருவனும் இல்லை. மாலுமி இல்லை. பெட்டியைப் பறிகொடுத்துவிட்டு அழுதவன் இல்லை. கொள்ளை நடந்து முடிந்து, ரத்தம் துடைக்கப்பட்டு, பொருள் மட்டும் பளபளவென்று பெட்டிக்குள் காத்திருந்தது. எனக்கு உறுத்தியது குழந்தைகள் கொள்ளைக்காரர்களாக ஆனது அல்ல. அந்தப் பெட்டிக்கு உடையவன் இல்லாமற் போனதுதான்.

இந்த மறதி புதுக்கோட்டையில் பிறந்தது அல்ல. ஸ்டீவன்சன் எழுதி 1883-ல் புத்தகமாக வந்த 'புதையல் தீவு' என்ற ஆங்கில நாவலிலிருந்துதான் பெருக்கல் குறி போட்ட வரைபடமும், ஒற்றைக் கால் கொள்ளைக்காரனும், அவன் தோளில் கிளியும் உலகமெங்கும் பரவின. அருமையான கதை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் நல்லவர்களாக வருகிறவர்களும் கடைசியில் புதையலைப் பங்கு போட்டுக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். யாரிடமிருந்து பறித்த பொருள் என்று விசாரித்துத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் புறப்படவில்லை.

நிஜக் கதையோ வேறு மாதிரி. 1695-ல் ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' என்ற பெரிய கப்பல் மெக்காவுக்குப் போன யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கொள்ளைக்காரன் அதை மடக்கினான். கொள்ளை ஒரு நாளில் முடியவில்லை. பணம் எங்கே என்று கேட்டு யாத்திரிகர்களைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். எவ்ரி கடைசிவரை அகப்படவே இல்லை. 1712-ல் அவன் கதையைத் தழுவிய நாடகம் ஒன்று லண்டனில் மேடையேறியது. ஒரு கப்பலின் அழுகுரல் ஓய்ந்து, கைதட்டலாக மாறுவதற்குப் பதினேழு வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டை மண்ணிலேயே ஒரு நிஜப் புதையல் கிடைத்திருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1898-ல், கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் அகப்பட்டன. பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய வடு இருந்தது. முதல் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ரோமானிய வணிகக் கப்பல்களில், கடற்கொள்ளையருக்குப் பயந்து வில்லாளிகளை ஏற்றி வந்தார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் பயந்து பயந்து கடல் கடந்து வந்த தங்கம், யாரோ ஒருவர் கையில் சேர்ந்து, மண்ணுக்குள் போயிருக்கிறது. புதைத்தவர் எடுக்க வரவில்லை. ஏன் வரவில்லை? திரும்பி வரலாம் என்று நம்பித்தானே ஒருவர் புதைக்கிறார்? எந்தப் புதையலும் உடையவன் இல்லாமல் மண்ணுக்குள் போவதில்லை. அவன் கதை அறுந்துபோன இடத்தில்தான் நம்முடைய அதிர்ஷ்டம் ஆரம்பமாகிறது.

இனி, கடலோரத்துக்கு வருவோம். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகக் கிழக்கே போனால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் வந்துவிடும். அந்தக் கரையில் கடற்கொள்ளையர் என்பது பிறந்த நாள் வேஷம் அல்ல. இரவில் நடுக்கடலில் படகை மறித்து, மீனவர்களை அடித்து, வலையையும் ஜி.பி.எஸ். கருவியையும் செல்போனையும் பறித்துச் சென்றார்கள் என்று நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து அடிக்கடி பத்திரிகையில் செய்தி வருகிறதே, அந்தச் செய்திகளில் போடுகிற வார்த்தை அதுதான். வலை என்றால் ஒரு குடும்பத்தின் கடன். கடன் கொடுத்தவன் கணக்கில் அது அப்படியே நிற்கும்.

இங்கேதான் கேள்வி இன்னும் கடினமாகிறது. 1974-ல் இரண்டு நாடுகளும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுத்துக்கொண்டன. அந்தக் கோட்டுக்கு அப்பால், யாழ்ப்பாணக் கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள்தாம். நம் கரையிலிருந்து போகும் இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, கடலடியைச் சுரண்டிவிடுகின்றன என்று அவர்கள் வருஷக்கணக்காக முறையிடுகிறார்கள். இலங்கை 2017-ல் இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டம் போட்டே தடுத்தது. நம் கரையில் கேட்டால், பாட்டன் காலத்திலிருந்து மீன் பிடித்த கடல் என்பார்கள். படகு பறிபோய்ச் சிறையில் கிடந்தவனின் மனைவியிடம் எல்லைக்கோட்டைக் காட்டிப் பேச யாருக்கு நா எழும்? ஆனால் வலை அறுந்துபோன யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் பாட்டன் காலத்து உரிமையைப் பேசவும் நா எழக் கூடாதல்லவா?

கொள்ளைக்காரன் என்ற பெயர் எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்பதற்குச் சரித்திரத்திலும் சாட்சி உண்டு. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயைக் கம்பெனிக்காரர்கள் கடற்கொள்ளைக்காரன் என்றே எழுதினார்கள். சுதந்திர இந்தியா, மும்பையில் உள்ள தன் கடற்படைத் தளம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறது. அப்படியானால் நியாயம் என்று ஒன்று இல்லையா, எல்லாம் கரையைப் பொறுத்ததுதானா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்ல மாட்டேன். பெயர்கள் மாறலாம், பறிகொடுத்தவனின் வெறுங்கை மாறுவதில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு பேசுவது நியாயம். அதைப் பார்க்காமல் பேசுவது கட்சி.

கடலுக்குப் போகாத நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். 'அது யாரோடதும் இல்லை' என்ற அத்தையின் பதிலை நாம் எத்தனை இடத்தில் சொல்கிறோம்! 'புறம்போக்குத்தானே' என்று கண்மாய்க் கரையில் வேலி போடும்போது சொல்கிறோம். ஆற்று மணலை லாரியில் ஏற்றும்போது சொல்கிறோம். ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போது சொல்கிறோம். யாருக்கும் சொந்தமில்லாததை எடுக்கிறோம் என்றுதான் நினைக்கிறோமே தவிர, திருடுகிறோம் என்று நினைப்பதில்லை. கண்மாய்க்கு உடையவன் அதன் கடைசி மடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவன். அவன் நம் முற்றத்தில் வந்து நிற்பதில்லை. அதனால் அவன் இல்லை என்று தீர்மானித்துவிடுகிறோம்.

ஆகையால், குழந்தைகளின் கையிலிருந்து அட்டைக் கத்தியைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டட்டும், பலகைமேல் நடக்கட்டும், தொண்டை வற்றக் கத்தட்டும். ஒரே ஒரு மாறுதல் போதும். பாதிப் பேர் கொள்ளைக்காரர்கள் என்றால் பாதிப் பேர் கப்பல்காரர்களாக இருக்கட்டும். பெட்டியில் காசு போடும்போது, அது எந்த ஊருக்கு, யார் வீட்டுக்குப் போகிற பெட்டி என்று கப்பல்காரக் குழந்தைகளே ஒரு கதை சொல்லட்டும். தங்கையின் கல்யாணத்துக்கு என்று ஒன்று சொல்லும். பாட்டியின் கண் வைத்தியத்துக்கு என்று இன்னொன்று சொல்லும். அதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் கொள்ளையடிக்கட்டும். அரை மணி கழித்து இரண்டு கட்சியும் இடம் மாறிக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும் பெட்டியை நடுவில் வைத்து எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளட்டும்; சாக்லேட் சாக்லேட்தானே!

இதனால் விளையாட்டின் ருசி குறைந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவன்தான் அடுத்த ஆட்டத்தில் நல்ல புலியாக விளையாடுவான். பறிகொடுக்கவும் பழகிய குழந்தை பெரியவனான பிறகு ஏதாவது ஒரு பெட்டி அதன் கண்ணெதிரே திறந்து கிடக்கும். சுற்றுமுற்றும் ஆள் இருக்காது. அப்போது கையை நீட்டுவதற்கு முன் ஒரு கணம் அது தயங்குமானால், அந்த ஒரு கணத்துக்காகவே பிறந்த நாள் கொண்டாடலாம்.