மருத்துவர் சொல் மாறுபடும்போது



சமந்தபத்ராசாரியருக்குப் பஸ்மகம் என்னும் கொடுநோய் வந்த வரலாற்றை நம் இல்லங்களில் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்டதெல்லாம் உடனே எரிந்துபோகும் பெரும்பசி நோய் அது. நாளுக்கு ஒருவேளை மட்டும், அதுவும் கையில் ஏற்ற அளவே உண்ணும் துறவிக்கு இந்நோய் வந்தால் விரதம் எவ்வாறு நிற்கும்? ஆதலின் அவர் தம் குருவை அணுகிச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு இசையவில்லை. இவருக்கு ஆயுள் இன்னும் உண்டு, இவரால் அறத்திற்கு ஆகவேண்டிய பணியும் உண்டு எனக் கண்ட அவர், துறவுக் கோலத்தைச் சில காலம் நீக்கி வைத்து, நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். அவ்வாறே ஆசாரியர் வேற்றுக் கோலம் பூண்டு சென்று நோய் நீங்கப் பெற்றார். அந்த இடம் காசி என ஒரு கதையும், நம் காஞ்சி என மற்றொரு கதையும் கூறும். காஞ்சி என்பதிலேயே நமக்கு விருப்பம் மிகுதி, அது நிற்க.

இந்த ஆசாரியரே இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு உரிய காலங்களை வகுத்துரைக்கிறார். பேரிடர், பஞ்சம், முதுமை, நோய் என்பன அவை. வாளா நோய் என்று கூறி அவர் விட்டாரில்லை. தீர்க்கும் வழி அற்றதாக இருத்தல் வேண்டும் என்னும் அடைமொழியையும் சேர்த்தே உரைத்தார். ஓர் அடைமொழிதான், ஆயினும் அதன் பொறுப்புப் பெரிது. தீர்க்கும் வழி உண்டா இல்லையா என்று ஆராய்ந்து அறியாமல் எந்தச் சிராவகனும் அடுத்த அடி எடுத்து வைக்க இயலாது. அதை ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். அம்மருத்துவர் இருவராகி, இருவர் சொல்லும் இரண்டாகிவிட்டால் இல்லறத்தான் செய்யத்தக்கது யாது? இன்று புற்றுநோய் புகுந்த வீடுகள் பலவற்றில் எழும் வினா இதுவே.

செய்யாறு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். பெயர் வேண்டா. அறுபது கடந்த பெரியவர். பல்லாண்டுகளாக ஊர் ஜினாலயத்தில் ஸ்ரீபுராணம் படித்துப் பொருள் சொல்லி வந்தவர். குரல் கம்மி மூன்று திங்கள் ஆகியும் தெளியவில்லை. திசுச் சோதனையில் குரல்வளைப் புற்று எனத் தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் அறுவை மருத்துவர், குரல்வளையை முழுதும் நீக்கிவிட வேண்டும் என்றார். மற்றொரு மருத்துவமனையில் கதிர்வீச்சு மருத்துவர், நீக்க வேண்டுவதில்லை, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் குரலும் நிற்கும் என்றார். மூத்த மகன் முன்னவர் பக்கம். இளைய மகன் பின்னவர் பக்கம். உறவினர் ஒருவர் முள்சீத்தா இலைக் கஷாயம் போதும் என்றார். இன்னொருவர், எல்லாம் அசாதா வேதனீய வினையின் உதயம், மருத்துவம் எதற்கு என்றார். இவ்வாறு ஐந்து வாரம் கழிந்தது. பெரியவரிடமோ, தொண்டையில் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தனர்.

முதலில் வினையின் பேரால் சொல்லப்பட்டதை நோக்குவோம். நோய் வினையின் பயன் என்பது உண்மை. அதனால் மருத்துவம் வீண் என்பது நம் ஆகமக் கருத்தன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாய இறுதிச் சூத்திரம், புறக் காரணங்களால் ஆயுள் குறைபடாதவர் இன்னின்னார் எனக் குறிப்பிடுகிறது. தேவர், நரகர், இறுதி உடல் பெற்ற உத்தமர், எண்ணிலா ஆண்டு வாழும் போகபூமியினர் ஆகியோரே அவர்கள். நாமும் நம் அண்டை வீட்டாரும் அப்பட்டியலில் இல்லை. நஞ்சாலும் படையாலும் நோயாலும் நம் ஆயுள் இடையில் அறுபடக் கூடும். இவ்விடத்து உரை வகுத்த அகளங்க தேவர், மருத்துவ நூலையே சான்றாகக் காட்டுவார். அகால மரணம் இல்லையெனின் அதைத் தடுக்க முயலும் அந்நூலுக்கு வேலை ஏது என்பது அவர் வாதம். கரந்தை, திருப்பணமூர் மக்கள் தம் ஊரோடு இணைத்துப் போற்றும் அப்பெருமான் இதனினும் தெளிவாக என்ன கூற வேண்டும்?

இனி, மாறுபட்ட மருத்துவர் இருவரின் சொல்லுக்கு வருவோம். நம்மவர்க்கு அநேகாந்தம் என்றதும் யானையும் குருடரும் நினைவுக்கு வரும். அவரவர் சொல்லும் ஒருவகையில் சரியே என்று கூறி அமைந்துவிடுகிறோம். திண்ணையில் அமர்ந்து பேசுங்கால் அது போதும். கத்தியா கதிரா என்று கையொப்பம் இடவேண்டிய வேளையில் போதாது. ஸ்யாத்வாதம் ஐயவாதம் அன்று என நம் ஆசாரியர்கள் மீண்டும் மீண்டும் மறுத்துரைத்தது இதற்காகவே. ஒரு கூற்று எந்த நோக்கில் மெய், எந்த நோக்கில் மெய்யன்று எனப் பிரித்துக் காட்டி உறுதிக்குக் கொண்டு செல்வதே அதன் தொழில்.

நயம் என்பது யாது? பிரமாணத்தால் அறியப்பட்ட பொருளின் ஒரு கூற்றைப் பற்றி நிற்பது. ஆதலின் பிரமாணமே இல்லாத பேச்சு நயம் ஆகாது. முள்சீத்தா இலை புற்றைத் தீர்க்கும் என்பதற்கு, நோயாளர்களிடையே சோதித்துக் கண்ட சான்று இல்லை. அதனை மருத்துவர் இருவர் சொல்லோடு மூன்றாவதாக ஒரே வரிசையில் வைத்தல் அநேகாந்தமன்று, மயக்கம். ஆனால் அவ்விரு மருத்துவர் சொல்லும் நயங்களே. எப்படி எனக் காண்போம்.

அறுவை மருத்துவர் நாள்தோறும் காண்பவர் யார்? கதிர்வீச்சில் தீராமல், நோய் திரும்ப வந்து, இறுதியில் கத்திக்கு வந்தவர்கள் அவர் கண்முன் நிற்கிறார்கள். கதிர்வீச்சினால் நலமாகி ஊர் திரும்பியவர் அவரிடம் வருவதில்லை. கதிர்வீச்சு மருத்துவரோ குரல் காத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து வணங்கிச் செல்வோரைக் காண்கிறார். இருவரும் பொய்யர் அல்லர். அவரவர் வாயில் வழியே நுழைந்தவரை எண்ணிப் பேசுகின்றனர். பிற நயங்களை அடியோடு மறுக்கும் நயம் பொய்யாகும், பிறவற்றையும் கருதி நிற்கும் நயமே பொருளைக் காட்டும் எனச் சமந்தபத்ரர் ஆப்தமீமாம்சையில் நிறுவியதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

ஒருவர் வாயிலில் நின்று காண்பதைவிட அகன்ற காட்சியும் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவமனைகளில், முற்றிய குரல்வளைப் புற்றுடைய 332 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்குக் குரல்வளையை நீக்கிப் பின் கதிர்வீச்சு. மறு பிரிவினர்க்கு முதலில் மருந்து, பின் கதிர்வீச்சு. இரண்டாண்டு கழித்து உயிரோடிருந்தோர் இரு பிரிவிலும் 68 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 64 விழுக்காட்டினர்க்குக் குரல்வளை காக்கப்பட்டது. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு, மருந்தையும் கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் கொடுத்தால் குரல்வளை மேலும் பலர்க்கு நிற்கும் என்றது; இடர்களும் கூடவே மிகும். இவற்றைக் கேட்டதும் இளைய மகன் வென்றான் என எண்ணிவிட வேண்டா. 1991 ஆய்விலேயே, கட்டி மிக முற்றி அண்டை உறுப்புகளில் புகுந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்குப் பின்னர்க் குரல்வளையை நீக்கவே நேர்ந்தது. குருத்தெலும்பைத் துளைத்துச் சென்ற கட்டிக்கு அறுவையே ஏற்றது எனப் பெரும்பாலான மருத்துவர் இன்றும் கருதுகின்றனர்.

அப்படியாயின் எது சரி? ஒரு பொருள் தன் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நான்கினால் உளது, பிறவற்றின் நான்கினால் இலது என்று பாடம் ஓதுகிறோமே, அதை இங்கே கையாள வேண்டும். எலாசாரியர் அருளியதென நாம் போற்றும் திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயாளியை, நோயை, காலத்தை அளந்தே மருத்துவம் செய்யப் பணிக்கிறது. ஊர் பேர் அறியாப் பொது நோயாளிக்கு எது நல்லது என்பதன்று வினா; இந்தக் கட்டிக்கு, இந்த இடத்தில், இந்த நாளில், இந்த மனிதர்க்கு எது நல்லது என்பதே வினா.

திரவியம் முதலாவது. மருத்துவர் மாறுபடுங்கால் பெரும்பாலும் அவர்கள் கருத்தில் மாறுபடவில்லை. கையில் உள்ள பொருளை வெவ்வேறாகக் கண்டிருக்கின்றனர். ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். மற்றவர் அதன் அறிக்கைத் தாளை மட்டும் படித்தார். ஆதலின் திசுச் சோதனை அறிக்கை மட்டுமன்றி, திசு பதித்த கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டுப் பெற்று, இரண்டாம் இடத்தில் மீண்டும் காணச் செய்யலாம். இதில் மருத்துவர்க்கு அவமதிப்பு ஒன்றும் இல்லை.

அவ்வீட்டு இளைய மகன் ஒருநாள் இருவரிடமும் தனித்தனியே சென்று ஒரே வினாவைக் கேட்டான். "ஐயா, தங்களோடு மாறுபடும் மருத்துவர் எதைக் கண்டு அவ்வாறு கூறியிருப்பார்?" தம் கட்சியை விட்டு இறங்கி எதிர்க்கட்சியில் நின்று பார்க்கச் செய்யும் வினா அது. இருவர் வாயிலிருந்தும் ஒரே சொல் வந்தது: குருத்தெலும்பு. அது துளைக்கப்பட்டுவிட்டது என ஒருவரும், துளைக்கப்படவில்லை என மற்றவரும் படத்தைப் படித்திருந்தனர். ஐந்து வாரச் சண்டை ஒரு குருத்தெலும்பைப் பற்றியது என்று அப்போதுதான் வீட்டார்க்கு விளங்கிற்று. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தனர். துளைக்கப்படவில்லை எனக் கருதவே இடமிருந்தது. அறுவை மருத்துவர் அதனைக் கண்டு, அவ்வாறாயின் இரு வழியும் திறந்தே உள்ளன என்று தயக்கமின்றிக் கூறினார். அவர் பெருமை அதில் விளங்கிற்று. மானகஷாயம் கழன்றவர்க்கே அது கைகூடும். அண்ணன் தம்பியர்க்கு அது கைகூட இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

க்ஷேத்திரமும் காலமும் விரைவில் முடிந்தன. கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறத்தாழ ஏழு வாரம். நகரில் தங்க வேண்டும். கிழங்கு சேர்க்காமல், பொழுது சாய்வதற்குள் சமைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். காலம் தாழ்ந்துகொண்டே போனால் இரு வழியில் ஒன்று தானே அடைபடும். கருத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி வாரக்கணக்கில் வாளாவிருப்பதும் ஒரு முடிவுதான். யாரும் கையொப்பம் இடாத முடிவு.

பாவம் எஞ்சியது. அது யாருடைய பாவம்? பெரியவருடையது. அவரிடமோ எவரும் எதுவும் சொல்லவில்லை. மனம் தாங்கமாட்டார் என்றனர். சத்திய அணுவிரதம் ஏற்ற குடும்பம் அது. அன்பினால் சொல்லும் பொய் பாவம் சேர்க்காது என வாதிடுவோர் உளர். அதனை இப்போது ஆராய வேண்டா. உண்மை தெரியாதவர் தம் உடலைப் பற்றி எடைபோட இயலாது என்பது மட்டும் உறுதி. இறுதியில் மூத்த மகனே சொன்னான். கேட்டுவிட்டுப் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பின், "கழுத்து என்னுடையது. ஐந்து வாரமாக என்னைத் தவிர எல்லாரையும் கேட்டிருக்கிறீர்கள்" என்றார். மறுநாள் மருத்துவரிடம் தாமே வினவினார். குரல்வளை போனால் கழுத்தில் துளையிட்டு மூச்சு விட வேண்டும். சிறு அடைப்பிதழ் பொருத்தியோ கருவி கொண்டோ பேசப் பழகலாம். கதிர்வீச்சில் வாய் வறளும், விழுங்குதல் அரிதாகலாம், மருந்தால் சிறுநீரகமும் செவியும் நலியலாம். பயன்படாவிடில் பின்னர் அறுவை செய்ய இடமுண்டு. அனைத்தையும் கேட்டுக் கதிர்வீச்சையும் மருந்தையும் தேர்ந்தார். புராணம் படிக்கும் குரலுக்காக மட்டும் என எண்ணாதீர். கழுத்துத் துளையைப் பேரப்பிள்ளைகள் கண்டு அஞ்சுவரே என்றும் கூறினார்.

பின்னர் என்ன ஆயிற்று எனக் கேட்பீர்கள். அதனைக் கூறாமலே விடுகிறேன். நன்றாக முடிந்தால் முடிவு சரி, இல்லையேல் தவறு என அளக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வளவையால் அளந்துதான் எத்தனையோ வீடுகளில், இறந்தவர்க்குப் பின் இருப்பவர் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் பழித்துக்கொண்டிருக்கின்றனர்.

மருந்துக் குளிகைகளின் மேலுறை விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனதாக இருக்கக் கூடும். மாற்று உண்டா என வெட்கமின்றிக் கேளுங்கள். பலவற்றுக்கு மாத்திரையோ திரவமோ கிடைக்கும். கிடைக்காதவிடத்து மருந்தை மறைவாகத் தவிர்க்காதீர்கள். மருத்துவரிடமும் தம் துறவிகளிடமும் கூறிப் பிராயச்சித்தம் கொள்ளுங்கள். சிகிச்சை நாட்களில் உபவாசமும் அவ்வாறே.

மருத்துவர் அனைவரும் ஒரே குரலில், இனித் தீர்க்கும் வழி இல்லை என்னும் நிலையும் சிலர்க்கு வரும். அப்போதும் வலி தணிக்கும் மருத்துவம் உண்டு, அது தோல்வியன்று. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டை வணங்குவோர், அவர் வாழ்நாள் முழுதும் துறவால் பக்குவப்பட்டவர் என்பதை மறத்தல் ஆகாது. மருத்துவர் இருவர் சொல் மாறியதால் சலித்துப்போய் உணவை மறுப்பது அந்நெறி அன்று.

நான்கு தானங்களில் ஔஷத தானம் ஒன்று. பணம் கொடுப்பதோடு அது நின்றுவிடுகிறது. காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் 1969இல் தொடங்கிய அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கும், 1954 முதல் இயங்கும் அடையாறு நிலையத்துக்கும், புதுவை ஜிப்மருக்கும் நம் ஊர்களிலிருந்து செல்வோர் பலர். அறிக்கைகளை அடுக்கி வைத்து, மருத்துவர் சொல்வதை அங்கேயே எழுதி, வீட்டுக்கு வந்து நோயுற்றவர்க்குப் படித்துக் காட்டும் ஒருவரை அவர்களோடு அனுப்பலாம். ஊருக்கு இருவர் இதற்கு முன்வந்தால் போதும். அவர்கள் தங்கும் நாட்களில் பொழுது சாயுமுன் உணவு சமைத்துத் தர, நகரில் குடியேறிய நம் குடும்பங்கள் தம் முகவரியை ஊர் ஆலய நிர்வாகத்திடம் கொடுத்து வைக்கலாம்.