மருத்துவத்தின் நான்காம் கூறு

ஒருவருக்கு வந்த நோய் பிறரையும் பற்றக்கூடும் என்னும்போது அவரை வீட்டாரிடமிருந்து பிரித்து வைப்பது அறமா என்ற கேள்வி, காசநோய் மருத்துவமனைகளின் வரலாறு நெடுகத் தொடர்ந்து வருகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வானையும், அதாவது உடனிருந்து பணிவிடை செய்பவனையும், மருத்துவத்தின் கூறாகவே எண்ணுகிறது. இந்த நான்காம் கூறு யாருடைய பொறுப்பு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எலும்புருக்கி என்று தமிழர் அழைத்த இந்நோய்க்குப் புராண மரபு சந்திரனைக் காட்டுகிறது: மனைவியரில் ரோகிணியிடம் மட்டும் அன்பு வைத்ததால் தக்கனின் சாபம் பெற்றுச் சந்திரன் தேய்ந்தான் என்பது கதை. நோயை வினைப்பயனாகக் கொள்ளும் இந்தப் பார்வையில் நோயாளி இரக்கத்துக்கு உரியவராவதோடு பழிக்கும் உரியவராகிறார். 1882இல் ராபர்ட் கோச் நோய்க்கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பின் சாபத்தின் இடத்தில் கிருமி வந்தது. விலக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை, அதற்கு விஞ்ஞானத்தின் ஆதரவும் கிடைத்தது.

மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றையே சிகிச்சையாகக் கொண்ட உறைவிட மருத்துவமனைக்கு சானடோரியம் என்று பெயர். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய ஒன்றை நடத்தி, 1917இல் கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அது அரசின் வசமானது. அங்கே நோயாளிக்குக் காற்றும் உணவும் கிடைத்தன என்றாலும், உழைச்செல்வான் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியராக மாறினார். ஊராரைக் காப்பதற்காக ஒருவர் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருப்பது கடமையாகவே கருதப்பட்டது.

அந்தக் கடமையின் அடித்தளத்தை அசைத்ததும் சென்னைதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு ஆகியவை சேர்ந்து தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்து, நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தவர்களையும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. சானடோரியத்தில் உணவும் ஓய்வும் எவ்வளவோ மேலாக இருந்தும், குணமடைவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. நோய் கண்டறியப்படும் முன்பே வீட்டார் அந்த இருமலின் நடுவில்தான் வாழ்ந்திருந்தனர் என்பதும், மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவாகக் குறைகிறது என்பதும் காரணங்கள். ஆகவே பிரித்து வைத்தல் என்றென்றைக்குமான அறமன்று, மருந்தில்லாக் காலத்தின் தேவை மட்டுமே என்பது தெளிவாயிற்று. இந்த மெய்ப்பிப்பை வெறும் செலவுக் கணக்காக மட்டும் வாசிப்பவர்கள் அதன் பாதியைத்தான் வாசிக்கிறார்கள்.

அதன்பின் தாம்பரம் மூடப்படவில்லை. 1986இல் நெஞ்சக நோய் மருத்துவமனையாகப் பெயர் மாறிய அது, 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரைச் சேர்த்துக்கொண்டது, விலக்கப்பட்டவர்களுக்கென எழுந்த கட்டடத்துக்குப் புதிதாக விலக்கப்பட்டவர்கள் வந்தனர். 2004இல் நாட்டில் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று.

இன்று தமிழ்நாட்டை ஒட்டிய கேரளக் கிராமமான எருத்தேன்பதி போன்ற எல்லையூரில் இருப்பவரும் காசநோய் மாத்திரையை இலவசமாகப் பெற்று வீட்டிலிருந்தே விழுங்கலாம். எனினும் 2022இல் தமிழ்நாடு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ சிலரை மறுபடி படுக்கைக்கு அழைக்கிறது. மூச்சுத் திணறுபவர், துணையின்றி எழுந்து நிற்க இயலாதவர், உடல் நிறைக் குறியீட்டெண் 14க்கு மேற்படாதவர் ஆகியோரே அவர்கள், 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லாமல் இருப்பதை இந்த எண் குறிக்கிறது. முன்பு ஊரைக் காக்க நோயாளியைச் சேர்த்த மருத்துவமனை, இப்போது நோயாளியைக் காக்கவே அவரைச் சேர்க்கிறது. தூக்கி நிறுத்த வீட்டில் ஆளில்லாதவருக்கு உழைச்செல்வானின் வேலையை அரசு செய்வதைத் தயவு என்று சொல்லும் வழக்கத்தைச் சுகாதாரத் துறையும் மக்களும் கைவிட வேண்டும்.