ஞாயிற்றுக்கிழமை கேட்கும் சீறல்

வேலை நடக்கும்போது அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது. ஞாயிற்றுக்கிழமை, மெஷினெல்லாம் நின்ற பிறகு, ஷெட்டுக்குள் போய் அசையாமல் நின்று பாருங்கள். ஏதோ ஒரு மூலையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும். பாம்போ என்று முதலில் திடுக்கிடும். பாம்பில்லை, காற்றுக் குழாயின் மூட்டில் ஓட்டை. கொஞ்ச நேரத்தில், ஆளே இல்லாத அந்த ஷெட்டில், கம்ப்ரசர் தானாக எழுந்து ஓடும். ஒழுகிப்போன காற்றை நிரப்பிவிட்டு அடங்கும். மறுபடி எழும். திங்கள் காலைவரை இதேதான்.

நான் பிள்ளையார்குப்பத்துக்காரன். வில்லியனூர்ப் பக்கமும் ஒரு பிள்ளையார்குப்பம் உண்டு. நான் சொல்வது பாகூர்க் கொம்யூனில், கடலூர் சாலையில், கிருமாம்பாக்கத்தை ஒட்டி மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அந்த ஊர். பிப்டிக் தொழிற்பேட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம். மோட்டார், பேனல், கம்ப்ரசர் என்று பராமரிப்பு வேலையிலேயே தலை நரைத்தவன். அந்த உரிமையில்தான் ஆலை நடத்துகிற உங்களிடம் கேட்கிறேன்: அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே அடையுங்கள்.

சின்ன விஷயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 பார் அழுத்தமுள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை, மிளகைவிடச் சின்னது, சுமார் 3 கிலோவாட்டை வெளியே ஊதித் தள்ளும். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் 300 நாளைக்கு 21,600 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலே 1,29,600 ரூபாய். அதுவும் ஓர் ஓட்டைக்கு. கவனிப்பாரில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் அடைக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படி ஒழுகிப்போவது சர்வசாதாரணம். லைன் கடைசியில் பிரஷர் பத்தவில்லை என்று ஆப்பரேட்டர் சொன்னால், ஓட்டையைத் தேடாமல் கம்ப்ரசர் செட்டிங்கை ஏற்றிவிடுவோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பார் ஏற்றினால் 6 முதல் 10 சதவீதம் கரண்ட் கூடுதலாக இழுக்கும். ஏறிய அழுத்தத்தில் ஓட்டை இன்னும் வேகமாகச் சீறும்.

"என் பில்லை நான் கட்டுறேன், உனக்கென்னய்யா?" என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், சம்பளம் ஒரு நாள் தவறியதில்லை. அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது.

பில்லைக் கட்டுகிறீர்கள், உண்மை. கரண்ட் எங்கிருந்து வருகிறது? நம் புதுச்சேரிக்குச் சொந்தமாக உள்ளது காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று. அதோடு கூரைகளில் கொஞ்சம் சூரிய மின்சாரம். மிச்சமெல்லாம் வெளியிலிருந்து வாங்குவதுதான். வாங்கும் இடங்களில் நெய்வேலியும் ஒன்று. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி, கடலூரைத் தாண்டிப் போனால் வந்துவிடும் ஊர். அங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேலாகப் பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். அந்த நிலக்கரியில் ஓடினால், உங்கள் மிளகளவு ஓட்டைக்கு வருஷத்துக்கு 21 டன்னுக்கு மேல் எரிய வேண்டும்; அதற்கு நூறு கன மீட்டருக்கும் மேல் மண் புரள வேண்டும்.

2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டினார்கள். பச்சையாக நின்ற நெல்வயலுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது சுரங்க நிறுவனம். இருக்கலாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நட்டு, களையெடுத்து, கதிருக்குக் காத்திருந்த பயிர் அது. அந்த வயலை உழுதவர்களை நாம் பார்த்ததில்லை. ஆனால் நம் ஷெட்டின் சீறலுக்கும் அந்த வயலுக்கும் இடையே ஒரு கம்பி ஓடுகிறது. தேவைக்கு எரிப்பதற்கே அவ்வளவு பேர் நிலத்தை இழந்திருக்கிறார்கள். யாருக்கும் உதவாமல் காற்றில் விடுவதற்கு அந்த நிலத்தைக் கேட்க நமக்கு என்ன உரிமை? பில் கட்டியதால் அந்த உரிமை வந்துவிடாது, ஐயா.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுச்சேரி இதை ஒருமுறை செய்துகாட்டிவிட்டது. 2014இல் நம் வீடுகளுக்கு எல்இடி பல்பு வந்தது ஞாபகம் இருக்கிறதா? எரிகிற 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு, 10 ரூபாய் கட்டி, 7 வாட் எல்இடி வாங்கிக்கொண்டோம். ஒரு வீட்டுக்கு மூன்று. மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் அப்போது ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. மீதிப் பணம் மிச்சமாகும் மின்சாரத்திலிருந்து ஆண்டுக்காண்டு திரும்பி வரும் என்பது ஏற்பாடு. இங்கே சோதித்துப் பார்த்ததைத்தான் 2015இல் நாடு முழுவதற்கும் கொண்டுபோனார்கள். கோடிக்கணக்கில் வாங்க வாங்க, 2016இல் எல்இடி பல்பின் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. இந்தியா முழுக்க இன்று மலிவாக எரியும் விளக்குக்கு முதல் வரிசையில் நின்றவர்கள் நம் தெருப் பெண்கள். என் அம்மா முந்தானையில் பல்பை மூடிக்கொண்டு போய் மாற்றிவந்தது கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய பல்பைக் கையில் வாங்கிக்கொண்டதுதான். அதனால்தான் மிச்சம் உண்மையான மிச்சமானது. ஆலைகளில் என்ன நடக்கிறது? காயில் கருகிக் கருகி மூன்று முறை நான்கு முறை ரீவைண்டிங் செய்த மோட்டார். ஒவ்வொரு முறை கட்டும்போதும் திறன் கொஞ்சம் குறையலாம். கடைசியில் புது மோட்டார் வாங்குகிறோம். பழையதைப் பழைய இரும்புக்குப் போடாமல் பக்கத்துப் பட்டறைக்கு நாலாயிரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அவர் சின்ன ஆள், கைக்காசு இல்லாதவர். மலிவென்று வாங்கி, பத்து வருஷம் கரண்ட் பில்லாக அழுவார். நம் ஷெட்டில் போன பாரம் அவர் தலையில் ஏறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மோட்டாரின் உண்மையான விலை வாங்கும்போது கொடுப்பது இல்லை. 10 எச்பி மோட்டார் முழுச்சுமையில் வருஷம் 6,000 மணி நேரம் ஓடினால் 50,000 யூனிட்டை நெருங்கும். யூனிட் 6 ரூபாய் கணக்கில் 3 லட்சம். வாங்கிய விலையை அது சில மாதங்களில் விழுங்கிவிடும். தெரிந்துகொண்டே இன்னொருவருக்கு அதை விற்கலாமா?

இப்போது அரசு கை நீட்டியிருக்கிறது. 2025 ஜூலை 15 அன்று பானிபட்டில் மத்திய மின்துறை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'அடீட்டி' என்பது சுருக்கப் பெயர். எரிசக்தித் திறன் பணியகம் நடத்துகிறது. மொத்தம் 1,000 கோடி ரூபாய், 2025–26 முதல் 2027–28 வரை மூன்று ஆண்டு. கரண்ட்டையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும் இயந்திரத்துக்குக் கடன் வாங்கினால், குறு, சிறு தொழில்களுக்கு வட்டியில் 5 சதவீதத்தையும் நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவீதத்தையும் அரசு ஏற்கும். கடனுக்கு முன்னால் எரிசக்தித் தணிக்கைக்கும், திட்ட அறிக்கைக்கும், மாற்றிய பிறகு அளந்து பார்ப்பதற்கும் உதவி உண்டு. குறைந்தது 10 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். 14 தொழில்களைச் சேர்த்திருக்கிறார்கள். மருந்து, ரசாயனம், ஜவுளி, உணவுப் பதப்படுத்தல், மீன், வார்ப்படம், காகிதம், தோல் எல்லாம் அதில் உண்டு. நம் பேட்டைகளில் இருப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தகுதி இருக்கிறதா என்று கேட்டு ஒரு மனுவாவது போடுங்கள். தனித்தனியாகப் போகாமல் பேட்டைச் சங்கமாகப் போங்கள். மூன்று ஆண்டு என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு, சிறு தொழில்களின் தணிக்கைச் செலவில் 75 சதவீதத்தை 1 லட்சம் ரூபாய் வரைக்கும், மாற்றும் இயந்திரத்தின் விலையில் பாதியை 10 லட்சம் வரைக்கும் திருப்பித் தரும் திட்டம் வைத்திருக்கிறது. 'பீஸ்' என்று பெயர். ஒரே காற்று, ஒரே கடல், ஒரே நெய்வேலிக் கம்பி. எல்லைக்கல்லின் இந்தப் பக்கத்து ஆலைக்கும் அதற்குக் குறையாத ஆதரவு வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் உரக்கக் கேட்க வேண்டும். மின்துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மனு வரட்டும் என்று நாற்காலியில் காத்திருக்காதீர்கள். பத்து மெஷின் வைத்திருப்பவருக்கு இணையத்தில் போய் விண்ணப்பம் நிரப்ப ஆள் கிடையாது. அவரேதான் முதலாளி, அவரேதான் டெலிவரி. பேட்டைக்கு வாருங்கள். ஒரு நாள் கிளாம்ப் மீட்டரோடு உட்காருங்கள்.

உதவியைத் தவறாக வாங்குவதையும் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஓர் இடத்தில் தணிக்கையாளர் நான்கு நாள் அளந்து, பைண்டு செய்த அறிக்கை கொடுத்தார். எந்தக் குழாயில் ஒழுகுகிறது, எந்தப் பாய்லரின் புகைபோக்கி அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். புகையின் சூட்டை 22 டிகிரி குறைத்தால் பாய்லரின் திறன் ஒரு சதவீதம் ஏறும்; அதைக்கூட விளக்கியிருந்தார். சான்றிதழுக்கு அந்த அறிக்கை தேவைப்பட்டது, சான்றிதழ் வந்தது, அறிக்கை அலமாரிக்குள் போனது. மூன்று ஆண்டு கழித்து நான் எடுத்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒழுகிய குழாய் அதே இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தத் தணிக்கைச் செலவில் பொதுப்பணமும் இருந்தது. தேங்காய்த்திட்டில் வலை இழுப்பவரும் மடுகரையில் சோப்பு வாங்கும் கிழவியும் கட்டிய வரி அது.

வரிச்சலுகைக்காகப் புதுச்சேரிக்கு வந்து, சலுகை முடிந்ததும் பூட்டிவிட்டுக் கிளம்பிய கம்பெனிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றோடு நம் பிள்ளைகளின் வேலையும் போனது. மானியம் என்றதும் அந்தப் புத்தி வரவேண்டாம். பொதுப்பணத்தில் பத்து ரூபாய் வாங்கினால் பத்து ரூபாய்க்கான யூனிட் குறைந்ததா என்று மீட்டரில் காட்டுங்கள். புது இயந்திரம் வந்தும் பில் இறங்கவில்லையென்றால் ஏன் என்று தேடுங்கள்.

இன்னொன்று. சிக்கனம் என்றதும் சில இடங்களில் முதலில் நிற்பது தொழிலாளி தலைக்கு மேலிருக்கும் மின்விசிறி. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், பேக்கிங் மேஜையில் நிற்கும் பெண்களுக்குக் காற்றை நிறுத்திவிட்டு, 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று சுவரில் எழுதிவைப்பது பாவம். 75 வாட் விசிறி நாற்பது ஓடினாலும் அந்த 3 மில்லிமீட்டர் ஓட்டைக்குத்தான் சமம். ஓட்டையை அடைத்துவிட்டு நாற்பது பேருக்கும் காற்றுப் போடுங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தப் பெல்ட் வழுக்குகிறது, எந்த மோட்டார் வீணாகச் சுடுகிறது என்று உங்களைவிட அந்தப் பெண்களுக்கும் ஹெல்பர் பையனுக்கும் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். மிச்சமானதில் ஒரு பங்கைப் போனஸோடு கொடுத்துப் பாருங்கள், அடுத்த ஓட்டையை அவர்களே வந்து சொல்வார்கள்.

தொழிலாளத் தோழர்களே, நீங்களும் ஒதுங்க முடியாது. சட்டைத் தூசியை ஏர் கன்னால் ஊதாதீர்கள், ஆபத்து, வீணும்கூட. டீக்குப் போகும்போது மெஷினைச் சும்மா ஓடவிடாதீர்கள். ஆலை நஷ்டத்தில் போனால் முதலாளிக்கு வேறு தொழில் கிடைக்கும். நூறாண்டுக்கு மேல் சங்கு ஊதிய ஏஎஃப்டி பஞ்சாலை 2020 ஏப்ரலில் மூடியபோது, எந்த வீட்டில் அடுப்பு அணைந்தது என்று முதலியார்பேட்டையில் கேட்டுப் பாருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடித்த கையோடு ஆலைக்குப் போங்கள். மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள். எல்லா மெஷினையும் நிறுத்தி, கம்ப்ரசரை மட்டும் போட்டு, லைன் வால்வுகளைத் திறந்து வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிஷம் காற்றடைக்கிறது, எத்தனை நிமிஷம் சும்மா இருக்கிறது என்று சுவரிலேயே எழுதுங்கள். 2 நிமிஷம் அடைத்து 8 நிமிஷம் ஓய்ந்தால் உங்கள் கம்ப்ரசர் அடைக்கக்கூடிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. பிறகு ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே வாருங்கள். நுரை பொங்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுங்கள்.