தோம்பில் இல்லாதோர்

தன் முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர் என அறிய விழைவது மனிதனுக்கு இயல்பு. ஆயின், ஒருவன் தன் வேரைத் தானே தேடுவதும் பிறரொருவர் அவனிடம் அதைக் காட்டுமாறு கேட்பதும் ஒன்றாகுமா? இவ்வினாவை எழுப்பியது எனது ஊராகிய நாலந்தா. அதற்கு விடை தேடுமுன் சற்றுத் தொலைவு செல்லவேண்டியுள்ளது.

1685இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்து கட்டளையை நீக்கியபோது, பிரான்சின் புரட்டஸ்தாந்தர் வழிபாட்டுரிமையை இழந்தனர். நாட்டைவிட்டு வெளியேறுவதும் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. பிடிபட்ட ஆடவர் மரக்கலங்களில் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்றனர். எனினும், ஹியூகனோக்கள் எனப்பட்ட அம்மக்களுள் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் மறைவாக வெளியேறி ஒல்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளைச் சேர்ந்தனர். ஒல்லாந்திற் புகுந்தோரின் வழிவந்த சிலர் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இலங்கைக்கு வந்து பறங்கியர் சமூகத்தில் இணைந்தனர்.

1908இல் தோன்றிய இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் இத்தகு குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொடர்ந்து வெளியிட்டது. கம்பனியின் ஏடுகள், தேவாலயங்களின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் ஆகியன அதற்குத் துணைநின்றன. மறைந்து ஓடியவன் கையிற் பத்திரமேதும் கொண்டு வந்திருக்கமாட்டான். ஆனால், அடைக்கலம் தந்த தேவாலயம் அவன் பெயரையும் அவன் குழந்தையின் பெயரையும் எழுதி வைத்தது. அவனை ஒரு மனிதனாக ஏற்றதன் அடையாளம் அவ்வெழுத்தே. (அவ்வம்சாவளிகள் தந்தை வழியையே பற்றிச் சென்றன. கம்பனி ஊழியர் பலர் மணந்த உள்நாட்டுப் பெண்களின் முன்னோரைத் தேடுவார் அரியர்.)

இனி நாலந்தாவுக்கு வருவோம். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் நெடுஞ்சாலையில் உள்ளது இவ்வூர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் காடுகளினூடே நடந்து வந்தது இவ்வழியாகவே. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களைப் பற்றியும் எழுத்து இருந்தது. ஆனால், அது கடனெழுத்து. தொழிலாளி தோட்டம் மாறும்போது அவன் கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921 வரை அம்முறை நிலவிற்று.

என் பூட்டனாரின் தந்தையார் பிறந்ததே அந்நடையின் நடுவிலாம், நாலந்தாவுக்கு அருகில், ஒரு மாமரத்தடியில். பாட்டியார் சொல்லக் கேட்டதன்றி வேறு சான்றில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ, இங்கு பிறந்தவனாயினும் அவன் தந்தையும் இங்கு பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என்றது. பூட்டனாருக்கு உண்மை இருந்தது, பத்திரம் இருக்கவில்லை. நாடற்றவராகவே அவர் இறந்தார்.

அரசுக்குத் தன் மக்கள் யாவரென அறியும் கடமை இல்லையா என வினவலாம். உண்டு. ஆயின், எழுதவேண்டிய காலத்தில் எழுதாது விட்டவர் அக்குறையை எழுதப்படாதவன் தலையிற் சுமத்துதல் எவ்வாறு முறையாகும்? எம்மூர்க் கெடிகே பௌத்தமா, சைவமா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். எனினும், போவதென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு 1975இல் அது பெயர்த்தெடுக்கப்பட்டபோது, எவரும் அதன் பிறப்பை விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. கற்களைப் பேணி மீண்டும் கட்டினர்.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்து வந்தபோது, நானும் நாலந்தாவில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பாட்டியார் சொன்ன மாமரம் எங்கே நின்றதென முதியோர் சிலரைக் கேட்டேன். சாலையோரத்தில் மாமரங்கள் பல நின்றன. இன்னதென்று காட்ட எவருக்கும் தெரியவில்லை.