வாணலிக்குப் பின்னால்

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வரும் நேரம். மணலியில் சாலையோரத் தள்ளுவண்டியில் எண்ணெய் காய்கிறது. தூரத்தில் ரிஃபைனரி புகைபோக்கியின் தீ, பக்கத்தில் அடுப்புத் தீ. பலகையில் சிக்கன் 65, பீஃப் 65, காளான் 65, கோபி 65.

ஏன் 65 என்று கேட்டுப் பாருங்கள், வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 65 மிளகாய் அரைத்துப் போட்டதாம். 65 நாள் வளர்ந்த கோழியாம். கோழியை 65 துண்டு போட்டதாம் (அந்தக் கணக்கில் ஒரு துண்டு பல்லிடுக்குக்குக்கூடக் காணாது). ராணுவ கேன்டீன் பட்டியலில் அது 65-ஆவது அயிட்டமாம். பாஷை தெரியாத சிப்பாய்கள் எண்ணைச் சொல்லியே கேட்டார்களாம்.

மவுண்ட் ரோடு புகாரி ஓட்டல் சொல்வதில் சுற்றிவளைப்பு இல்லை. ஏ. எம். புகாரி 1951-இல் தொடங்கிய கடை. 1965-இல் இந்த வறுவல் வந்தது, ஆண்டே பெயரானது. பிறகு அதே கடையில் ஆண்டுப் பெயரிலேயே சிக்கன் 78, 82, 90 என்றும் வந்திருப்பதால், இதைத்தான் நான் நம்புகிறேன். மணலியின் தலையெழுத்தை மாற்றிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி பதிவானதும் அதே 1965-இல்தான். கம்பெனிக்குப் பிறந்த தேதி காகிதத்தில் இருக்கிறது. யாரும் சண்டைக்கு வருவதில்லை. கோழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஹாம்பர்கருக்கும் இதே வழக்குதான். பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துடையது. கொத்திய இறைச்சியை ரொட்டிக்குள் முதலில் வைத்தவர், விஸ்கான்சினின் சீமோர் ஊர்க்காரர்களைக் கேட்டால் 1885-இல் சார்லி நாக்ரீன். நியூ ஹேவன்காரர்களைக் கேட்டால் 1900-இல் லூயி லாசன். ஊர்ப்பெயரைத் தப்பான இடத்தில் வெட்டி 'பர்கர்' ஆக்கி, சீஸோடு ஒட்டிக்கொண்டார்கள். நாம் கோழியைக் கழற்றிவிட்டு 65-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, காலிஃபிளவர்வரை கொண்டுபோய் விட்டோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்கக் கதைகளில் பெயர் வாங்கியவர், தானே அடுப்படியில் நின்ற கடைக்காரர். நம் கதைகளில் மிளகாய் வருகிறது, கோழி வருகிறது, சிப்பாய் வருகிறார், முதலாளி வருகிறார். 1965-இல் முதல் ஈடு துண்டங்களில் மசாலா பிசைந்து எண்ணெயில் போட்ட கை எதிலும் வரவில்லை. யார் முதல் என்று இத்தனை காலம் அடித்துக்கொண்டோமே, அது கடைக்கும் எண்ணுக்குமான சண்டை. சமைத்தவரை யாரும் தேடவே இல்லை.

வண்டிக்காரர் ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பார்த்தார். சடசடத்தது. சிவப்பேறிய துண்டங்களை ஒவ்வொன்றாக நழுவவிட்டார்.

"ஏண்ணே, எதுக்கு 65-னு பேரு?"

"யாருக்குப்பா தெரியும்? அரிசி மாவு கொஞ்சம் தூக்கலா இருக்கணும். அதான் மேட்டரு."

"மசாலா நீங்களே கலக்குறதா?"

"நானா?" சிரித்தார். ஜல்லிக்கரண்டியால் சட்டியைத் தட்டினார். "மதியமே ஊற வெச்சு குடுத்துடுவாங்க. வூட்ல."